ஒரு கூத்து நோட்டீசை வைத்து வடிவமைப்புப் பழகுவோம்

மட்டக்களப்புக் கல்லடியில் பஸ் ஏறி, கல்முனை வரை யன்னலோரம் இருந்து மதில்களைப் பார்த்துக்கொண்டு போங்கள். காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி என்று ஊர்கள் மாறும். மதிலில் ஒட்டியிருப்பவை அதிகம் மாறாது: கண்ணீர் அஞ்சலி, ரியூசன் வகுப்பு, கோயில் திருவிழா, காணி விற்பனை. இறங்கியதும் கண்ணை மூடி, எத்தனை நினைவில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்றுதான் தேறும். அந்த இரண்டு மூன்றும் ஏன் மனதில் நின்றன, மற்றவை ஏன் நிற்கவில்லை என்று தேடத் தொடங்கினாலே வடிவமைப்புப் படிக்கத் தொடங்கியாயிற்று.

எனக்கு அந்தத் தேடல் ஒரு கூத்து நோட்டீசில் தொடங்கியது. எங்கள் ஊரில், மட்டக்களப்புப் பக்கம் ஆடும் கூத்து வகைகளில் ஒன்றான வடமோடிக் கூத்து அரங்கேற்றம். நோட்டீஸ் செய்யும் பொறுப்பை இளம் வயதில் என்னிடம் தந்தார்கள். ஒன்பது படம், ஐந்து நிறம், நிழல் விழும் எழுத்து என்று எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அதில் போட்டேன். முதல் பிரதியை, கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரின் கையில் கொடுத்தேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "மனே, கூத்து எண்டைக்கு?" என்று கேட்டார். திகதி அதில் இருந்தது. அவருடைய கண்ணுக்குத்தான் அது கிடைக்கவில்லை.

அதே நோட்டீசை இப்போது முதலிலிருந்து சேர்ந்து செய்வோம். கூத்துக்குப் பதிலாக உங்கள் கடைப் பெயர்ப்பலகையோ, வாசிகசாலையின் அறிவித்தலோ, முகநூலில் போடும் தயிர்ச்சட்டி விளம்பரமோ இருந்தாலும் வழி ஒன்றுதான்.

தேவையானவை

ஏ4 கடதாசி இருபது, ஒரு கறுப்பு மார்க்கர், பென்சில், அடிமட்டம், கத்தரிக்கோல், பசை, கொஞ்சம் கறுப்புக் கடதாசி, பழைய பத்திரிகை. கணினியை முதல் இரண்டு கிழமையும் தொட வேண்டாம். இதில் நான் பிடிவாதக்காரன். மென்பொருளைத் திறந்தவுடன் நூறு எழுத்துருவும் ஆயிரம் நிறமும் கண்முன் வந்து நின்று, யோசிக்க வேண்டிய நேரத்தில் தேட வைத்துவிடும். ஜெர்மனியின் பௌஹவுஸ் பள்ளியில் படிப்பித்த ஜோசப் ஆல்பர்ஸ், பிற்காலத்தில் நிறங்களைக் கற்பித்தபோதும் வர்ணத்தை விட வெட்டி ஒட்டும் நிறக் கடதாசியைத்தான் விரும்பினார். ஒட்டுவதற்கு முன் துண்டை நகர்த்திப் பார்க்கலாம். அப்படி நகர்த்திப் பார்ப்பதில்தான் கண் பழகுகிறது.

படி 1: சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்துங்கள்

நோட்டீசில் வர வேண்டிய எல்லாவற்றையும் ஒரு கடதாசியில் எழுதுங்கள். கூத்தின் பெயர், வடமோடி என்ற குறிப்பு, திகதி, நேரம், இடம், அண்ணாவியார் பெயர், நடிப்போர், ஏற்பாட்டுக் குழு, அனுசரணை தந்தோர். பிறகு ஒவ்வொன்றின் பக்கத்திலும் 1, 2, 3 என்று இலக்கம் போடுங்கள். ஒன்று ஒரேயொரு விடயத்துக்குத்தான். இரண்டு, இரண்டு மூன்று விடயங்களுக்கு. மீதி எல்லாம் மூன்று.

எங்கள் நோட்டீசில் 1 "வடமோடிக் கூத்து". 2 திகதியும் நேரமும் இடமும். அண்ணாவியார் பெயரை இரண்டில் சேர்ப்பதா மூன்றில் சேர்ப்பதா என்று ஊருக்கு ஊர் வேறுபடும். அவர் பெயரைக் கேட்டாலே சனம் கிளம்பி வரும் என்றால் அது இரண்டுதான்.

இந்தப் படியில் வரும் சிக்கல் வடிவமைப்பை விட மனிதரோடு சம்பந்தப்பட்டது. தலைவரின் படம் பெரிதாக வர வேண்டும் என்பார்கள், செயலாளர் பெயரும் அதே அளவு என்பார்கள். மறுத்துப் பேசிச் சண்டை பிடிக்காதீர்கள். எல்லாப் பெயர்களையும் ஒரே அளவில், ஒரே வரிசையில், கீழே ஒழுங்காக வையுங்கள். ஒருவரைப் பெரிதாக்கினால்தான் மற்றவருக்கு மனம் நோகும். "திகதி தெரிந்தால்தானே சனம் வரும், சனம் வந்தால்தானே உங்கள் பெயரையும் வாசிக்கும்" என்று ஆறுதலாக எடுத்துச் சொன்னால் பெரும்பாலானோர் ஏற்றுக்கொள்வார்கள்.

படி 2: எட்டுச் சிறு வரைபுகள்

ஒரு ஏ4 கடதாசியை மூன்று முறை பாதி பாதியாக மடியுங்கள். விரித்தால் எட்டுப் பெட்டி. ஏ வரிசைக் கடதாசியின் நீள அகல விகிதம் இரண்டின் வர்க்கமூலமும் ஒன்றுமாக இருப்பதால், நீளப் பக்கத்தை எத்தனை முறை பாதியாக மடித்தாலும் உருவம் மாறாது. ஏ4 210 x 297 மில்லிமீற்றர், ஏ3 297 x 420. நீங்கள் மடித்த பெட்டி 74 x 105 அளவில் இருக்கும். அது ஏ3 நோட்டீசின் சரியான சிறு வடிவம். இதில் சரியாகத் தெரிவது பெரிதாக்கும்போதும் அதே அமைப்பில் நிற்கும்.

எட்டுப் பெட்டியிலும் எட்டு வேறு அமைப்புகளை வரையுங்கள். எழுத்தை எழுத வேண்டாம். 1 என்ற விடயத்துக்குக் கறுத்தப் பட்டை, 2க்கு நடுத்தரக் கோடுகள், 3க்கு மெல்லிய கோடுகள், படத்துக்கு ஒரு நிழலுருவம். ஒரு பெட்டிக்கு இரண்டு நிமிடம் போதும். முதல் மூன்றும் எங்கேயோ பார்த்தவை போலத்தான் வரும். அதன் பிறகுதான் கை உங்களுடையதாகும். அதனால் நான்காவதில் நிறுத்திவிடாதீர்கள்.

படி 3: வெற்றிடத்தைப் பார்க்கப் பழகுங்கள்

கறுப்புக் கடதாசியில் பெரிய, நடுத்தர, சிறிய என மூன்று செவ்வகங்களை வெட்டி, வெள்ளைக் கடதாசியில் வைத்து நகர்த்துங்கள். மூன்றையும் நடுவில் வைத்தால் அசைவில்லாமல் கிடக்கும். பெரியதை ஒரு மூலைக்குத் தள்ளினால் எதிர்ப் பக்கம் எடையிழந்து போகும். அங்கே சிறியதை வைத்ததும் மறுபடியும் நிதானம் வரும். நெம்புகோலில் பெரிய கல்லைச் சிறிய கல் தூக்குவது தூரத்தால்தான். கடதாசியிலும் அப்படியே. ஓரத்துக்கு மிக அருகில் ஒரு துண்டை வைத்துப் பாருங்கள், விழப்போவது போல மனம் பதறும். அந்தப் பதற்றம் வேண்டுமென்றே தேவைப்படும் நேரமும் உண்டு.

இப்போது கறுப்பை விட்டுவிட்டு வெள்ளையைப் பாருங்கள். டென்மார்க் உளவியலாளர் எட்கர் ரூபின் 1915இல் காட்டிய குவளைப் படம் இதைத்தான் சொல்கிறது: வெள்ளையை உருவமாகப் பார்த்தால் குவளை, கறுப்பை உருவமாகப் பார்த்தால் எதிரெதிராக இரண்டு முகம். எழுதாத இடத்துக்கும் ஒரு வடிவம் உண்டு.

நம்மவர்களுக்கு இதை விளங்கப்படுத்த ரூபின் தேவையில்லை. கூத்தாடும் வட்டமான அரங்கை, வட்டக்களரியைப் பாருங்கள். சனம் சுற்றிவர நெருக்கியடித்து இருக்கும், நடுவில் களரி வெறுமையாக விரிந்து கிடக்கும். அந்த வெறுமைக்குள் ஒரு கூத்தர் வந்து ஆடும்போதுதான் அத்தனை கண்ணும் அவர் மேல் விழுகிறது. களரிக்குள் சனம் புகுந்துவிட்டால் கூத்தைப் பார்க்க முடியாது. நோட்டீசில் "இவ்வளவு இடம் சும்மா கிடக்குதே, இன்னொரு படம் போடலாமே" என்று யாராவது சொல்லும்போது நான் இந்தக் களரியைத்தான் எடுத்துச் சொல்வேன். கூத்து ஊர்களில் அது உடனே விளங்கிவிடும்.

எங்கள் நோட்டீசுக்கு ஒன்பது படத்தில் எட்டை எடுத்தோம். மிஞ்சியது கரப்பு உடுப்போடு சுழலும் ஒரு கூத்தர். அந்த உடுப்பின் மணி போன்ற விரிவு தூரத்திலிருந்தே வடமோடி என்று சொல்லிவிடும். பின்னணியில் நின்ற ஒலிபெருக்கியையும் கதிரைகளையும் வெட்டி எறிந்தோம். சுற்றிவர இடம் விட்டோம்.

படி 4: எங்கே வைப்பது

கைப்பேசிக் கமராவில் கட்டக்கோடுகளைத் திறந்து வையுங்கள். திரை ஒன்பதாகப் பிரியும். முக்கியமானதைக் கோடுகள் வெட்டும் புள்ளிகளில் வைக்கும் இந்த மூன்றிலொரு பங்கு முறைக்கு 1797இல் பெயர் வைத்து எழுதியவர் இங்கிலாந்து ஓவியர் ஜோன் தோமஸ் ஸ்மித்.

விடியற்காலை வாவிக் கரைக்குப் போய் ஒரே தோணியை ஒன்பது முறை எடுங்கள். அடிவானத்தை நடுவில் வைத்து மூன்று, மேல் கோட்டில் மூன்று, கீழ்க் கோட்டில் மூன்று. அடிவானம் மேலே போகும்போது தண்ணீர் பேசும், கீழே வரும்போது வானம் பேசும், நடுவில் நின்றால் இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நிற்கும். தோணியின் முன்பக்கம் இடப் பக்கம் பார்த்தால் இடப் பக்கம் அதற்குப் போக இடம் விடுங்கள். மனித முகத்துக்கும் இதே விதிதான். முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் வாசிப்பவரின் கண்ணும் போகும். எங்கள் கூத்தர் வலப் பக்கம் பார்த்தார், அதனால் அவரை இடப் பக்கம் வைத்துத் திகதியை அவர் பார்வை விழும் இடத்தில் வைத்தோம். அண்ணாவியாரின் கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே கிடைத்துவிட்டது.

பிறகு பழைய கல்லடிப் பாலத்தை எடுங்கள். 1924இல் திறந்த இரும்புப் பாலம் அது, 2013இல் பக்கத்திலேயே புதியது வந்தது. பழைய பாலத்தின் இரும்புச் சட்டங்கள் ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வருவதைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் லயம் விளங்கும். நுனியில் நின்று நீளவாக்கில் பார்த்தால் எல்லாக் கோடுகளும் ஒரு புள்ளிக்கு ஓடும், அந்தப் புள்ளியில் நிற்பவர் சிறியவரானாலும் கண் அவரிடம்தான் போகும்.

மூன்றிலொரு பங்கைச் சட்டமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பொங்கலன்று முற்றத்தில் போடும் புள்ளிக் கோலம் நடுவை மையமாகக் கொண்டு நாலா பக்கமும் சமச்சீராக விரிகிறது. அதை ஓரத்துக்குத் தள்ளினால் கெட்டுப்போகும். கோயில் அழைப்பு, கலியாண அழைப்பு, அஞ்சலி போன்றவற்றுக்கு நான் பெரும்பாலும் நடுவைத்தான் எடுப்பேன். நிதானமும் மரியாதையும் அங்கே இருக்கிறது. ஆட்டத்தையும் வேகத்தையும் சொல்ல வேண்டிய இடத்தில் நடுவை விட்டு விலகுவேன்.

படி 5: கூறு போடுங்கள்

மீன் சந்தையில் சாக்கின் மேல் மீனைக் கூறு போட்டு வைத்திருப்பார்கள். கூறுகளுக்கு இடையில் கோடு இல்லை, பெட்டி இல்லை. ஒரு கூறுக்குள் மீன்கள் நெருங்கி இருக்கின்றன, அடுத்த கூறு ஒரு சாண் தள்ளி இருக்கிறது. வாங்க வருபவருக்கு எது எந்தக் கூறு என்று கேட்க வேண்டியதே இல்லை. 1923இல் மக்ஸ் வெர்த்தைமர் என்ற உளவியலாளர் கண் பொருள்களை எப்படிக் கூட்டிப் பார்க்கிறது என்று எழுதிய விதிகளில் அருகாமை முதன்மையானது. ஒரே மாதிரியானவை ஒன்றாகத் தெரியும், தொடர்ந்து போகும் கோட்டைக் கண் தொடரும், முடியாத வடிவத்தைக் கண் தானே முடித்துக்கொள்ளும் என்பவையும் அவற்றோடு சேர்ந்தவை.

இதை நோட்டீசுக்குக் கொண்டுவாருங்கள். திகதி, நேரம், இடம் மூன்றும் ஒரு கூறு. பெயர்கள் எல்லாம் இன்னொரு கூறு. ஒரு கூறுக்குள் இருக்கும் இடைவெளியை விடக் கூறுகளுக்கு இடையில் இருப்பது குறைந்தது இரண்டு மடங்காவது இருக்கட்டும். அப்படி வைத்த பிறகு பெட்டியும் கோடும் நட்சத்திரமும் தேவையற்றுப் போவதைக் காண்பீர்கள். பிறகு ஒரு அடிமட்டத்தை நிலைக்குத்தாக வைத்து, கூறுகளின் இடப் பக்க ஓரங்கள் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பாருங்கள். இரண்டு மில்லிமீற்றர் விலகினால் தவறாகத் தெரியும், இருபது விலகினால் வேண்டுமென்று செய்ததாகத் தெரியும்.

படி 6: தமிழ் எழுத்துக்கு அதன் இடத்தைக் கொடுங்கள்

இதில்தான் நம்முடைய நோட்டீஸ்கள் அதிகம் கெட்டுப்போகின்றன. பாடங்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை வைத்து எழுதப்பட்டவை என்பதால் இதைச் சொல்லித் தர ஆளும் குறைவு.

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு இல்லை. தலைப்பைத் தூக்கிக் காட்ட அளவு, தடிப்பு, நிறம், சுற்றியுள்ள இடம் ஆகிய நான்குதான் நம் கையில். நான்கையும் ஒன்றாகப் பாவிக்காதீர்கள். இரண்டு போதும். எழுத்தைச் சரித்து அழுத்தம் காட்டுவது நம் எழுத்துக்குப் பொருந்தி வருவதில்லை.

வரிகளுக்கிடையில் கூடுதல் இடம் விடுங்கள். கி, கீ போன்றவற்றின் சுழி மேலே எழும், கு, கூ, ழ போன்றவை கீழே இறங்கும். மென்பொருள் தானாகத் தரும் 1.2 மடங்கு வரியிடைவெளியில் மேல் வரியின் வாலும் கீழ் வரியின் சுழியும் முட்டிக்கொள்ளும். தொடர்ந்து வாசிக்கும் பகுதிக்கு 1.4 முதல் 1.6 வரை வைத்து, கண்ணால் பார்த்துத் திருத்துங்கள். பெரிய தலைப்புக்குச் சற்றுக் குறைக்கலாம்.

எழுத்துகளை விலக்கி வைக்காதீர்கள். ஆங்கிலத் தலைப்புகளில் அது அழகாக இருக்கும். தமிழில் "கொ" என்பதை விலக்கினால் கொம்பு (ெ) ஒரு பக்கமும் அரவு (ா) மறுபக்கமும் பிரிந்து நின்று, வாசிப்பவர் தடுக்கி விழுவார். இடம் நிரப்புவதற்காக எழுத்தை அகலமாக இழுப்பதும் வேண்டாம். நிலைக்கோடு மட்டும் தடித்துக் கிடைக்கோடு அப்படியே நின்று எழுத்தின் உருவமே சிதைந்துவிடும்.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. வரியை மென்பொருள் முறிக்கும் இடத்தில் விடாமல், பொருள் முறியும் இடத்தில் நீங்களே முறியுங்கள். "மாலை" ஒரு வரியிலும் "7 மணிக்கு" அடுத்த வரியிலும் போகக் கூடாது. "அரங்கேற்றம்" என்ற சொல்லை இரண்டாக வெட்டக் கூடாது.

கணினிக்கு வந்த பிறகு இன்னும் இரண்டு விடயம். நம் அச்சகங்களில் பாமினி என்ற பழைய எழுத்துரு இன்னும் அதிகம் பாவனையில் இருக்கிறது. அதில் தட்டச்சு செய்தது அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் முறையில் வேலை செய்யுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை, முக்தா மலர், கட்டமரன் போன்றவை இலவசமாகக் கிடைக்கும் நல்ல எழுத்துருக்கள், பல தடிப்புகளிலும் வருகின்றன. ஒன்றைத் தெரிந்து, அதன் இரண்டு தடிப்புகளோடு முழு நோட்டீசையும் முடியுங்கள். போட்டோஷொப்பில் கொம்பு இடம் மாறி விழுந்தால், எழுத்துரு பழுது என்று நினைக்க வேண்டாம். பத்தி அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்துக் கோப்பு முறையைத் தெரிவு செய்தால் சரியாகும்.

மும்மொழிப் பலகை செய்யும்போது சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றுக்கும் ஒரே இலக்க அளவைக் கொடுத்துவிட்டுச் சமம் என்று எண்ணாதீர்கள். ஒரே அளவிலும் மூன்றும் வெவ்வேறு பருமனாகத் தெரியும். தூர நின்று பார்த்து, மூன்றின் எடையும் சமமாகத் தெரியும் வரை மாற்றுங்கள்.

பருமனுக்குப் பெயர்ப்பலகைக்காரரிடம் ஒரு கணக்கு உண்டு: பத்தடித் தூரத்துக்கு ஓர் அங்குல உயர எழுத்து. அது ஆங்கில எழுத்துக்கான கணக்கு. சுழிகள் நிறைந்த நம் எழுத்துக்கு அதை விடக் கொஞ்சம் கூட்டியே கொடுங்கள்.

படி 7: நிறம் கடைசியில்

கறுப்பு வெள்ளையில் நிற்காத நோட்டீஸ் நிறத்தால் எழும்பாது. எல்லாம் முடிந்த பிறகே நிறத்தைத் தொடுங்கள். முடித்ததைக் கைப்பேசியில் படமெடுத்து கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். சிவப்புப் பின்னணியில் வைத்த பச்சை எழுத்து அங்கே காணாமல் போய்விடும், ஏனென்றால் நிறம் வேறு என்றாலும் வெளிச்சம் ஒன்று. இணையத்துக்கான அணுகல் வழிகாட்டலில் சிறிய எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5 : 1, பெரிய எழுத்துக்கு 3 : 1 என்ற வெளிச்ச விகிதம் கேட்கப்படுகிறது. வெயிலில் நிற்கும் மதிலுக்கு இதை விடக் கூட வையுங்கள்.

எத்தனை நிறம் என்று யோசித்தால் மருதமுனைக் கைத்தறிச் சாறி ஒன்றை விரித்துப் பாருங்கள். உடல் ஒரு நிறம், கரை இன்னொன்று, கரைக்குள் ஓடும் மெல்லிய இழை மூன்றாவது. உடலே பெரும்பங்கு, இழை மிகச் சிறிது, ஆனாலும் கண் அந்த இழையில்தான் தங்கும். எங்கள் நோட்டீசுக்கு மங்கிய வெள்ளை உடலாகவும், கடும் நீலம் கரையாகவும், திகதிக்கு மட்டும் குங்குமச் சிவப்பும் எடுத்தோம்.

ஒரு சிறு பயிற்சி: ஒரே சாம்பல் கடதாசியில் இரண்டு சதுரம் வெட்டி, ஒன்றைக் கறுப்பின் மேலும் மற்றதை வெள்ளையின் மேலும் வையுங்கள். இரண்டும் ஒரே நிறம் என்று நம்பவே கஷ்டமாக இருக்கும். ஆகவே நிறத்தைத் தனியாகத் தெரிவு செய்யாதீர்கள், அது நிற்கப்போகும் இடத்தில் வைத்தே தெரிவு செய்யுங்கள்.

படி 8: சோதித்து, அச்சுக்குக் கொடுங்கள்

பிரதி ஒன்றை மதிலில் ஒட்டி, 5 மீற்றர் தள்ளி நின்று கண்ணைப் பாதி மூடுங்கள். மங்கலில் மிஞ்சித் தெரிவது 1 என்று நீங்கள் இலக்கமிட்டதாக இருக்க வேண்டும். பிறகு தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். வாசிக்க முடியாதபோது எடை எங்கே சாய்கிறது என்பது தெரியும். கடைசியாக, இதைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவருக்கு மூன்று வினாடி காட்டி மறைத்துவிட்டு, "எண்டைக்கு, எங்க?" என்று மட்டும் கேளுங்கள். அவர் தடுமாறினால் விளக்கம் சொல்லாதீர்கள். திரும்பிப் போய்த் திருத்துங்கள். இரண்டு பேரிடம் கேளுங்கள், ஒருவர் அறுபது தாண்டியவராக இருக்கட்டும்.

அச்சுக்கு ஏ3 என்றால் அங்குலத்துக்கு 300 புள்ளி, அதாவது 3508 x 4961 படப்புள்ளிகள். பெரிய பெனருக்கு 100 போதும், அதைத் தள்ளி நின்றுதானே பார்க்கிறார்கள். திரையில் ஒளிர்ந்த பச்சையும் நீலமும் மையில் மங்கும், அதனால் மொத்தமாக அடிக்க முன் ஒரு மாதிரிப் பிரதி கேட்டு வாங்குங்கள். கோப்பை வட்சப்பில் படமாக அனுப்பினால் தரம் சுருங்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள்.

அடுத்த ஒரு மாதத்துக்கு நாளொன்றுக்கு மதிலில் பார்க்கும் ஒரு நோட்டீசைத் தெரிந்து, அதன் விடயங்களை மாற்றாமல் எட்டுப் பெட்டியில் வரைந்து பாருங்கள். தேதியிட்டு ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். முறையாகப் படிக்க விரும்பினால், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம் கல்லடியிலேயே இருக்கிறது. அங்கே கட்புலக் கலையும் படிப்பிக்கிறார்கள்.

எங்கள் புதிய நோட்டீசை அண்ணாவியாரிடம் கொண்டுபோனபோது அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடவில்லை. தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, திகதியின் மேல் விரலை வைத்து, "அப்ப சனிக்கிழமைக்குள்ள மத்தளத்தை வார்பிடிக்கணும் மனே" என்றார்.